குறைத்துக் கேட்பது குற்றமா?

பேரம் பேசத் தெரியாதவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியாது என்று என் தாயார் அடிக்கடி சொல்லுவார். எங்கள் வீட்டில் ஏழு பிள்ளைகள். வந்தது ஒரேயொரு சம்பளம். மட்டக்களப்புச் சந்தையில் மீன்காரரிடமும் மரக்கறிக்காரியிடமும் அவர் பேசி மிச்சம் பிடித்த சதங்களில்தான் எங்களுக்குக் கொப்பியும் பென்சிலும் வந்தன. கூடையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்த நான், பேரம் பேசுவதை ஒரு கெட்டித்தனமாக மட்டுமன்றி ஒரு புண்ணியமாகவே கற்றுக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்திலே பொய், கோபம், சோம்பல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன். ஒரு பொருளை விலை குறைத்து வாங்கியதை ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றியதுமில்லை.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மருதமுனையில் ஒரு தறிக்கு முன்னால் போய்வந்த ஒரு சனிக்கிழமைதான் அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியது. இது என் ஒருவனுடைய கேள்வியல்ல. சந்தைக்குப் போகும் எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய கேள்வி. ஆகையால் நடந்ததை நடந்தபடியே சொல்லி, அதிலிருந்து பிறந்த நியாயங்களையும் வாசகர் முன் வைக்கிறேன்.

சனிக்கிழமைப் பயணம்

என் நண்பர் ஒருவர் இருக்கிறார். என்னோடு ஒரே பாடசாலையில் பல வருடங்கள் படிப்பித்து, என்னைப் போலவே இன்று ஓய்வூதியத்தில் சீவிக்கிறவர். அவருடைய மனைவிக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. "இத்தனை வருடம் எனக்குச் சமைத்துப் போட்டவளுக்கு ஒரு மருதமுனைக் கைத்தறிச் சேலை எடுத்துக் கொடுக்கவேண்டும். நீயும் வா" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நாள். கடைகளும் தறிகளும் ஓய்ந்திருக்கும். எனவே சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகின்றன. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. பெரியகல்லாற்றுக்கு அப்பால் அம்பாறை மாவட்டம். பெரியநீலாவணைக்கு அடுத்தது மருதமுனை. அதற்கும் தெற்கே பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு. தமிழூர் எங்கே முடிகிறது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்குகிறது என்று புதிதாய் வருகிறவனுக்குத் தெரியாது. கோயிற் கோபுரத்தையும் பள்ளிவாசல் மினாராவையும் பார்த்துத்தான் அறியவேண்டும். பேச்சு ஒன்றே.

பஸ்ஸில் நண்பர் எனக்கு உபதேசம் செய்தார். "சொன்ன விலையைக் கொடுத்துவிடாதே. இவர்கள் பரம்பரை வியாபாரிகள். கேட்டதைக் கொடுத்தால் எங்களை மடையர் என்று நினைப்பார்கள்." நானும் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் அந்தத் தலையாட்டலே ஒரு பிழை. இந்தக் கரையோரத்து முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வயல் செய்கிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், தறியில் இருக்கிறவர்கள். வியாபாரி என்ற ஒரே சொல்லுக்குள் ஒரு சமூகம் முழுவதையும் அடைத்து வைத்தது எங்கள் சோம்பேறித்தனம்.

தறியின் முன்னால்

கடையொன்றிற் சேலைகளைப் பார்த்தோம். "நெய்கிற இடத்துக்கே போனால் இன்னும் மலிவாய் எடுக்கலாம்" என்று நண்பர் சொன்னதால், ஒருவரை விசாரித்துக்கொண்டு ஓர் ஒழுங்கைக்குள் நடந்தோம். ஓலைவேலிக்கு அப்பால் தறிச் சத்தம் கேட்டது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் தறியில் இருந்தார். நாங்கள் ஆசிரியர்களாக இருந்தவர்கள் என்று அறிந்ததும் எழுந்து, "வாங்க சேர், இரிங்க" என்று கதிரை போட்டார். உள்ளிருந்து பிளேன்ரீ வந்தது.

துணி உடுத்துகிற எல்லாரும் ஒரு தடவையாவது தறியைப் பார்க்கவேண்டும். நூல் கழியாக வருகிறது. அதைச் சாயத்தில் தோய்த்து, காயவைத்து, சுற்றவேண்டும். சுற்றுகிற வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. பிறகு பாவு ஓட்டவேண்டும். ஒரு சேலையின் அகலத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இழைகள் வேண்டும்; அவற்றில் ஒவ்வொன்றையும் விழுதின் கண்ணுக்குள்ளும் அச்சின் பல்லுக்குள்ளும் கையால் கோக்கவேண்டும். இத்தனையும் முடிந்த பின்புதான் நெசவு. கால்கள் மாறிமாறி மிதியை மிதிக்க, ஒரு கை கயிற்றை இழுத்து ஓடத்தை ஓடவிட, மறு கை அச்சை இழுத்து ஊடு நூலை நெருக்கித் தட்டுகிறது. ஒரு தட்டுக்கு ஓர் இழை. ஒரு சேலைக்கு எத்தனை தட்டு என்று கணக்குப் படிப்பித்த நண்பர் எண்ணத் தொடங்கி, பாதியில் கைவிட்டார்.

"ஒரு சேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் காக்கா?" என்று கேட்டேன்.

"கரண்ட் போகாம, முதுகு நோவாம இருந்தா ரெண்டு நாள் சேர்."

நண்பர் கருநீலத்தில் மாம்பழ நிறக் கரை போட்ட ஒரு சேலையைத் தெரிந்தார். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபா என்றார் நெசவாளர். ஐயாயிரம் என்றார் நண்பர். "கட்டாது சேர்" என்று அவர் சிரித்தார். இப்படியே போய்க்கொண்டிருக்கையில், நண்பருக்கு உதவி செய்ய எண்ணி நான் சேலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கரையோரத்தில் ஒரு சிறு முடிச்சு தெரிந்தது. "இதோ ஒரு பிழை இருக்கிறதே" என்றேன்.

அது பிழையல்ல என்று எனக்குத் தெரியும். அறுந்த இழையை முடிந்து நெய்த இடம் அது. கையால் நெய்த துணி என்பதற்கு அதுவே அடையாளம். சற்று முன்னர்தான் அவர் எங்கள் கண்முன் ஓர் இழையை அப்படி முடிந்திருந்தார். எல்லாம் அறிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவர் முடிச்சைப் பார்த்தார்; என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. "சரி, ஐயாயிரத்து ஐந்நூறைத் தாங்க" என்று சேலையை மடித்துக் கொடுத்தார்.

திரும்பும் வழியில்

பஸ்ஸில் நண்பருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆயிரம் ரூபா மிச்சம். "நீ அந்த முடிச்சைக் காட்டினாய் பார், அங்கேதான் மனுசன் விழுந்தான்" என்று என் தோளில் தட்டினார். அந்தத் தட்டில் எனக்கு நீதிமொழிகள் ஆகமம் நினைவுக்கு வந்தது. வாங்கும்போது "மோசம், மோசம்" என்று பொருளைப் பழித்துவிட்டு, வாங்கிக்கொண்டு போனபின் தன் கெட்டித்தனத்தைச் சொல்லிப் பெருமைப்படுகிறவனை அந்த ஆகமத்தின் இருபதாம் அதிகாரம் ஒரே வசனத்தில் காட்டுகிறது. எத்தனையோ தடவை வாசித்த இடம். அன்று அந்தச் சாலேயே எங்களைப் பிடித்துப் படம் எழுதியதுபோல இருந்தது.

நான் மௌனமாக இருப்பதைக் கண்டு நண்பர் காரணம் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்துவிட்டு வாதாடத் தொடங்கினார். அவர் கெட்டவரல்லர், சுத்தமான மனிதர். அவருடைய வாதங்கள் நம்மெல்லாருடைய வீட்டிலும் சொல்லப்படுகிறவை. எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"அவர் சம்மதித்தார்தானே?"

இது முதலாவது வாதம். யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. விருப்பமில்லாவிட்டால் அவர் கொடுக்காமல் விட்டிருக்கலாம். இருவரும் உடன்பட்டால் அதுவே நியாய விலை.

பொதுவாகப் பார்த்தால் இதில் உண்மை உண்டு. சம்மதமில்லாத வியாபாரம் கொள்ளை. ஆனால் சம்மதம் இருந்துவிட்டால் மட்டும் வியாபாரம் நீதியாகிவிடுமா? 1891ஆம் ஆண்டிலே பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரைப் பற்றி எழுதிய சுற்றுமடலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். தேவையின் நெருக்கடியால், அல்லது இதைவிடக் கேடு வந்துவிடுமோ என்ற பயத்தால், ஒருவன் குறைந்த கூலிக்கு உடன்படுவானேயாகில் அவன் பலாத்காரத்துக்கு ஆளானவனே என்பது அவர் தீர்ப்பு. கையெழுத்து அவனுடையது, அந்தக் கையைப் பிடித்து எழுதியது அவனுடைய வறுமை.

என் தாயார் இதை எந்தச் சுற்றுமடலும் படிக்காமல் அறிந்திருந்தார். அந்தி நேரத்தில் பன்பாய் விற்றுக்கொண்டு ஒரு கிழவி எங்கள் தெருவுக்கு வருவாள். எல்லாரிடமும் பேரம் பேசுகிற அம்மா அவளிடம் மட்டும் பேசமாட்டார். ஏன் என்று கேட்டால், "அவ திரும்பிச் சுமக்கவேணுமே" என்பார். குளத்திலே பன் வெட்டி, காயவைத்து, சாயமிட்டுப் பின்னிய பாயை, கடைசி பஸ்ஸுக்கு முன் விற்றாகவேண்டும் என்ற நிலையில் நிற்கிறவள் எந்த விலைக்கும் சம்மதிப்பாள். அந்தச் சம்மதத்தைப் பயன்படுத்த அம்மாவுக்கு மனம் வரவில்லை. காலையில் மீன்காரரோடு பேசியது வேறு. அங்கே இருவரும் சமபலத்தில் நின்றார்கள். இந்த வேற்றுமையை நான் அப்போது கவனிக்கவில்லை. பேரத்தை மட்டும் கற்றுக்கொண்டு, பேரம் பேசாத இடத்தைக் கற்காமல் விட்டுவிட்டேன்.

"விலையை ஏற்றித்தான் சொல்லியிருப்பார்"

இரண்டாவது வாதம் இது. வாங்குகிறவன் குறைப்பான் என்று தெரிந்தே விற்கிறவன் கூட்டிச் சொல்லுகிறான். பேரம் என்பது உண்மை விலையை இருவருமாகத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி. அதில் என்ன பாவம்?

இதையும் தள்ளிவிட முடியாது. பல கடைகளில் நடப்பது இதுவே. அங்கே குறைத்துக் கேட்பது குற்றமன்று; கேளாதிருந்தால்தான் ஏமாற்றம். ஆனால் அன்று அந்த ஒழுங்கையில் நிலைமை அப்படியா இருந்தது? தேநீர் குடிக்கையில் அவரே கணக்குச் சொல்லியிருந்தார். நூலுக்கும் சாயத்துக்கும் நூல் சுற்றுகிறவர்களுக்குமாக மூவாயிரத்துத் தொளாயிரம் ரூபா முன்கூட்டியே போய்விடுகிறது. நெசவுக்கு எஞ்சுவது இரண்டாயிரத்து அறுநூறு.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று கணக்குப் பார்க்கவேண்டுகிறேன். நாங்கள் ஆறாயிரத்து ஐந்நூறில் ஆயிரத்தைக் குறைத்தோம். ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து. பெரிய குறைப்பாகத் தோன்றாது. ஆனால் அந்த ஆயிரம் எங்கிருந்து குறைந்தது? நூல் முதலாளி தன் விலையில் ஒரு சதமும் விடமாட்டார். சாயக்காரரும் விடமாட்டார். ஆகவே ஆயிரமும் நெசவாளரின் இரண்டாயிரத்து அறுநூறிலிருந்தே போயிற்று. அவருக்கு எஞ்சியது ஆயிரத்து அறுநூறு. இரண்டு நாட் கூலி. ஒரு மேசனுக்குக் கல் எடுத்துக் கொடுக்கிற பையன் ஒரே நாளில் இதைவிடக் கூடுதலாகப் பெறுகிறான். நாம் குறைப்பது பொருளின் விலையை என்று எண்ணுகிறோம். உண்மையில் பேசிக் குறைக்கக்கூடிய பகுதி ஒன்றேதான் உண்டு. அது மனிதனுடைய உழைப்பு.

இதைக் கேட்டதும் நண்பர் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தக் கணக்கு உண்மை என்று எப்படித் தெரியும்?" என்றார். தெரியாது. ஆனால் பொய் என்றும் தெரியாது. தெரியாத இடத்தில் நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்பதே நம் மனச்சாட்சியைக் காட்டுகிறது.

"எங்களுக்கும் இல்லை"

மூன்றாவது வாதமே கனமானது. 2022ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்தாகி, சில மாதங்களுக்குள் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்கு மேல் ஏறியபோது, ஓய்வூதியக்காரரின் பணம் கைக்குள்ளேயே கரைந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை நெருங்கியது. "நான் மாளிகையில் இருந்துகொண்டா அவரிடம் குறைத்துக் கேட்டேன்? மருந்துக் காசில் மிச்சம் பிடித்துத்தான் இந்தச் சேலையை வாங்கினேன்" என்றார் நண்பர். அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது.

ஏழை ஏழையிடம் பேரம் பேசும்போது யாரைக் குற்றஞ் சொல்வது? வாங்குகிறவரின் தேவையும் தேவையே. புனித தோமாஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே, பொருளின் பெறுமதிக்கு மேலாக விற்பதும் நீதியல்ல, பெறுமதிக்குக் கீழாக வாங்குவதும் நீதியல்ல என்று இரு பக்கத்தாரையும் ஒரே தராசில் நிறுத்தினார். நாம் முதற் பாதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். விற்கிறவன் நம்மை ஏமாற்றலாம் என்று அஞ்சுகிறோம். வாங்குகிறவனும் ஏமாற்றலாம் என்பது நமக்குப் புதிதாக இருக்கிறது. முஸ்லிம் சகோதரருடைய திருக்குர்ஆனிலும் அளவையிலும் நிறுவையிலும் வஞ்சிப்போரைக் கண்டிப்பதற்கென்றே எண்பத்து மூன்றாம் அத்தியாயம் இருக்கிறது. அதிற் கண்டிக்கப்படுகிறவன் தனக்கு அளந்து வாங்கும்போது நிறைவாய் வாங்குகிறவன்; பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்கிறவன். சேலைக்கு நிறைந்த பெறுமதியை எதிர்பார்த்து, கூலியைக் குறைத்துக் கொடுக்கிறவனும் அந்தக் கண்டனத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

இல்லாதவனுக்கு வழி என்ன? "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது" என்று உண்மையைச் சொல்லலாம். அதற்குள் அடங்கும் வேறு சேலையைக் கேட்கலாம். அடுத்த மாதம் வருவதாகச் சொல்லித் திரும்பலாம். விற்கிறவர் தாமாக மனமிரங்கிக் குறைத்தால், அதை நன்றியோடு ஏற்கலாம். அது அவர் நமக்குச் செய்யும் உபகாரம். உண்மையைச் சொல்லிக் கேட்பதற்கும், நல்ல பொருளைப் பழித்து, அதன்மேல் இல்லாத குற்றத்தை ஏற்றிக் குறைப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை உண்டு. நண்பர் செய்தது முதலாவதற்குக் கிட்டியது. நான் செய்தது இரண்டாவது.

"இயந்திரத் துணி மலிவு"

நான்காவதாக ஒன்று சொன்னார். இதே போன்ற சேலையை இயந்திரம் மிகக் குறைந்த விலைக்குத் தருகிறது. கையால் மெதுவாகச் செய்கிறார் என்பதற்காக நாம் ஏன் கூடக் கொடுக்கவேண்டும்?

இந்த வாதத்தின் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1970க்கும் 1977க்கும் இடையில் வெளிநாட்டுத் துணி வராமல் அரசு கட்டுப்படுத்தியிருந்தது. நாடெங்கும் கைத்தறிகள் பெருகின. மருதமுனையிலும் தறிச்சத்தம் ஓயாத காலம் அது என்று முதியோர் சொல்லுவார்கள். ஆனால் அதே காலத்தில் பிள்ளைக்குச் சட்டைத்துணி வாங்கக் கூப்பனோடு வரிசையில் நின்ற தாய்மாரும் நம்மிடையே இருக்கிறார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மலிவுத்துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு யுத்தம். பிறகு 2004 டிசம்பர் 26. அன்று கடல் புகுந்ததில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தக் கரையூர்களில் வீடுகளோடு தறிகளும் போயின. அதன் பின்னும் மீண்டும் தறி போட்டவர்களைத்தான் நாங்கள் அன்று பார்க்கப் போயிருந்தோம்.

மலிவுத்துணியை வாங்குவது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. ஏழைத்தாய் தன் பிள்ளைக்கு மலிவாகச் சட்டை வாங்குவதைக் குறைசொல்ல யாருக்கு உரிமை? ஆனால் கைத்தறிதான் வேண்டும் என்று தேடிப் போகிறவன், அதன் அழகையும் பாரத்தையும் விரும்புகிறவன், விலையில் மட்டும் இயந்திரத்தின் விலையைக் கேட்பது நீதியாகாது. இரண்டு நாள் வேலையை விரும்பி, அரைநாள் வேலைக்குரிய காசைக் கொடுக்கிறான். இயந்திர விலை வேண்டுமென்றால் இயந்திரத் துணியை வாங்கட்டும்.

இரண்டாம் பயணம்

நண்பருக்கு விடை சொன்னேனே தவிர, என் மனம் ஆறவில்லை. இரண்டு மாதம் கழித்து ஆயிரம் ரூபாவை ஒரு கடித உறையில் போட்டுக்கொண்டு, தனியாக மருதமுனைக்குப் போனேன்.

அவர் என்னை மறக்கவில்லை. மறுபடியும் கதிரை, மறுபடியும் பிளேன்ரீ. உறையை நீட்டினேன்.

"இது என்ன சேர்?"

"அன்று குறைத்துக் கொடுத்த காசு."

அவர் வாங்கவில்லை. "இது ஸதக்காவா, கூலியா சேர்?" என்று கேட்டார். நான் விழித்தேன். அவரே தொடர்ந்தார். "ஸதக்கா எண்டா எனக்கு எடுக்க ஏலா. நான் கைகால் சுகமா இருக்கன். கூலி எண்டா, அண்டைக்கே கணக்கு முடிஞ்சிட்டு. ரெண்டு பேரும் பொருந்தித்தானே குடுத்து வாங்கின?"

நண்பரின் முதல் வாதம் அவர் வாயிலிருந்தே வந்தது. நான் பேச்சற்று இருந்தேன். ஓடத்தைக் கையில் எடுத்து நூலைச் சரி செய்தபடி, என் முகத்தைப் பாராமல் அவர் சொன்னார்: "காசு பெரிசில்ல சேர். 2019இல பெரிய வெள்ளி போய் வந்த ஞாயிறில அந்தக் கொடுமை நடந்த பிறகு, தமிழ் ஆக்கள் இந்தப் பக்கம் வரவே இல்ல. முஸ்லிம் கடையில வாங்கப்படாது எண்டு கதை. தப்புச் செய்தவன் ஒருத்தன். தறி நிண்டது எங்கட வீட்டில. பிறகு ஒவ்வொருத்தரா வந்தாங்க. வந்தா சந்தோசம்; விலை குறைச்சாலும் சந்தோசம்தான். ஆனா அண்டைக்கு அந்த முடிச்சைப் பிழை எண்டு சொன்னீங்களே, அதுதான் மனசில கிடந்திச்சு. படிச்ச ஆள். பார்த்துக்கொண்டு இருந்தீங்க, நான் முடியக்குள்ள."

என்னுடைய ஆயிரம் ரூபாக் கணக்கு முழுவதும் அந்த இடத்தில் ஒன்றுமில்லாமற் போயிற்று. நான் அவரிடமிருந்து கூலியில் ஒரு பங்கை எடுத்தேன் என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவரோ, நான் அவருடைய வேலையைப் பற்றிப் பொய்ச்சாட்சி சொன்னதை நினைத்திருந்தார். கூலியை அவர் மன்னித்துவிட்டார். பொய்யை மன்னிக்க நான் இன்னும் கேட்கவேயில்லை.

கேட்டேன். "அது பிழையில்லை என்று எனக்குத் தெரியும் காக்கா. தெரிந்துதான் சொன்னேன். என்னை மன்னியுங்கள்" என்றேன். மாணவர்களை மன்னிப்புக் கேட்க வைத்தே பழகிய வாய்க்கு அது இலகுவாக வரவில்லை. அவர் "சரி சரி, விடுங்க சேர்" என்று என் கையைப் பிடித்தார்.

பிறகு ஒரு படுக்கை விரிப்புக்குச் சொல்லி வைத்தேன். விலை சொன்னார். உறையிலிருந்ததையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தேன். அவர் அதில் நூறு ரூபாவைத் திருப்பித் தந்து, "இது நான் குறைக்கிற" என்றார். வாங்கிக்கொண்டேன்.

நமக்குரிய பாடம்

நண்பரிடம் இதைச் சொன்னபோது, "பார்த்தாயா, அவரே காசை வாங்கவில்லை. அப்படியானால் கடன் எதுவும் இருக்கவில்லை" என்றார். நான் அப்படி எண்ணவில்லை. கடன் கொடுத்தவன் கடனை விட்டுக்கொடுத்தால், கடன் இருந்ததேயில்லை என்று ஆகாது. அவன் பெருந்தன்மையானவன் என்றுதான் ஆகும். இதில் நானும் நண்பரும் இன்னும் உடன்படவில்லை. ஆனால் சென்ற நத்தாருக்கு அவர் தன் மருமகனுக்கு மருதமுனைச் சாரம் ஒன்று வாங்கியதாகச் சொன்னார். எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மிச்சம் பிடித்திருந்தால் நிச்சயமாகச் சொல்லியிருப்பார்.

அப்படியானால், குறைத்துக் கேட்பது குற்றமா? எல்லா இடத்திலும் அல்ல. விலையை ஏற்றிச் சொல்லுகிற கடையிலே குறைத்துக் கேட்கலாம். சமபலத்தோடு நிற்கிறவரிடம் பேசிப் பார்க்கலாம். ஆனால் செய்த கையே விற்கவும் வந்து நிற்கும்போது, அந்தியும் பசியும் அவரை அவசரப்படுத்தும்போது, நாம் குறைப்பது எதிலிருந்து குறைகிறது என்று ஒரு கணம் எண்ணவேண்டும். எந்த இடத்திலும், எவரிடத்திலும், நல்ல வேலையைக் கெட்டதென்று சொல்லி விலையை இறக்கக்கூடாது. அதற்கு விதிவிலக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. நாம் சந்தையில் பேசுகிற பேச்சை, பின்னால் கூடை தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கற்பனைகளை அது மனப்பாடம் செய்கிறது. ஆனால் பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கற்பனைக்கு உண்மையான விளக்கத்தைச் சனிக்கிழமைச் சந்தையில் நம் வாயிலிருந்தே கற்றுக்கொள்கிறது.

நண்பரின் மனைவி அந்தக் கருநீலச் சேலையைப் பூசைக்கு உடுத்தி வருகிறார். கரையோரத்தில் அந்த முடிச்சு இப்போதும் இருக்கிறது. தேடிப் பார்த்தால் மட்டுமே தெரியும். நான் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்க்கிறேன்.